ஊர் மாதர் சங்கத்தில் ஒருவராகுங்கள்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் நீண்ட காலம் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்னும் சிலர் 1977இலும் 1983இலும் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள். இப்போது கண்டி நகரிலும் கம்பளை, தெல்தோட்டை, வத்தேகமை பக்கங்களிலும் குடியிருக்க வருகிறீர்கள். உலர் உணவு, கூரைத்தகடு, உதவிப் பணம் ஆகியவற்றைப் பற்றி மற்றவர்கள் உங்களுக்கு விளக்கியிருப்பார்கள். அவை எல்லாம் சில மாதங்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் உங்களோடு இருக்கப் போகிறவர்கள் அயலவர்கள்தான். அந்த அயலுக்குள் போக நல்ல வாசல் ஊரிலுள்ள மாதர் சங்கம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மாதர் சங்கம் என்றதும் தையல் வகுப்பும் வருடத்துக்கு ஒரு விழாவும் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கனடாவில் பிறந்த வைத்தியர் மேரி ரட்ணம் 1896இல் இங்கு வந்தார். தமிழர் ஒருவரை மணந்து இந்த நாட்டவராகவே வாழ்ந்தார். அவர் 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். நோய்க்கு மருந்து கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதை அவர் கண்டிருந்தார். சுத்தமான தண்ணீர், சத்துணவு, எழுத்தறிவு, வீட்டுத் தோட்டம், கைத்தொழில் ஆகியவற்றை ஊர்ப் பெண்களே கூடிக் கற்று, ஊருக்குச் செய்ய வேண்டும் என்பது சமிதியின் வழி. அந்தச் சேவைக்காக 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கற்பதையும் ஊருக்கு உழைப்பதையும் பிரிக்காத அந்த வழியில்தான் இன்றும் நல்ல மாதர் சங்கங்கள் நடக்கின்றன.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் இருந்த பெண்களுக்குத் துணையாக 1991இல் சூரியா என்ற பெண்கள் அமைப்பு தொடங்கியது. மக்கள் ஊர் திரும்பியபோது, 1993இல் அதுவும் மட்டக்களப்புக்குப் போனது. முகாமில் ஏற்பட்ட பழக்கத்தை ஊரிலும் விட்டுவிடாமல் வைத்திருந்ததால், பெண்கள் பிரச்சினை வரும்போது போய்ப் பேச ஓர் இடம் இருந்தது. நீங்களும் முகாமில் சுயஉதவிக் குழு நடத்தியவர்கள், மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், கணக்குப் புத்தகம் எழுதியவர்கள். அந்த அனுபவம் இங்கே தேவைப்படுகிறது. வெறுங்கையோடு வந்திருக்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

சங்கத்தின் மூலம் என்னென்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதலாவது, பத்திரங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கே பெற்ற பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. வம்சாவளிப் பிரஜையாகப் பதிவு செய்ய வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் செய்யாமல் வந்திருந்தால், இங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் செய்யலாம். முன்பு தகப்பன் வழியாகத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் கிடைக்கும். கணவனை இழந்த, அல்லது கணவன் இன்னும் அங்கே இருக்கிற தாய்மார் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிரப்பவும், கிராம உத்தியோகத்தரிடம் கூட வரவும் சங்கத்தில் அனுபவப்பட்ட ஒருவர் இருப்பார். அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதையும் பயப்படாமல் கேளுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பு. 5 முதல் 16 வயது வரை பள்ளிக்கூடம் போவது இங்கே கட்டாயம். பாடநூலும் சீருடையும் இலவசம். ஆனால் பாடத்திட்டம் வேறு. தமிழ்நாட்டில் படித்த பிள்ளை இங்கே இரண்டாம் மொழியாகச் சிங்களத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிடும். இந்த நேரத்தில்தான் பிள்ளைகள் வெட்கப்பட்டு வகுப்பை விட்டு நிற்கிறார்கள். பெண் பிள்ளையைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பும் பேச்சும் அப்போதுதான் எழுகிறது. அதற்கு முன் சங்கத்துக்கு வாருங்கள். மாலை வகுப்பு இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் தொடங்கும்படி கேளுங்கள். பள்ளியில் இடம் தர மறுத்தால், உங்கள் பகுதி வலயக் கல்விப் பணிமனைக்குச் சங்கத்தின் கடிதத்தோடு போங்கள்.

பெரியவர்களும் படிக்க வேண்டும். கண்டியில் ஆஸ்பத்திரி, பஸ், சந்தை எல்லா இடத்திலும் சிங்களம் வேண்டும். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா "கீயத" என்று விலை கேட்கச் சொல்லித் தருவாள். அவளுடைய மகளுக்கு நீங்கள் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

மூன்றாவது, சுகாதாரம். தமிழ்நாட்டில் தந்த தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிடாமல் உங்கள் பிரிவு மருத்துவமாதிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகள் உடனே பதிவு செய்யுங்கள். கிளினிக் நாள் எது, திரிபோஷா எங்கே கிடைக்கும், முன்பள்ளியும் பிள்ளைக் காம்பராவும் எங்கே இருக்கின்றன என்பவற்றைச் சங்கத்துப் பெண்கள் அறிவார்கள்.

நான்காவது, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை. இதை மறைத்து வைப்பவர்கள் அதிகம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கண்டியிலுள்ள பெண்கள் அபிவிருத்தி நிலையம் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகளாக உதவி வருகிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

"திரும்பி வந்தவர்கள் மட்டும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசக் கூடுங்கள், அது நல்லது. ஆனால் ஊர்ச் சங்கத்துக்குப் போட்டியாக இன்னொன்று வேண்டாம். நீங்கள் பார்க்கிற லயத்தில் பத்து வருடமாகக் கூரை ஒழுகுகிற குடும்பமும் இருக்கிறது. வந்தவர்களுக்கு மட்டும் தகடு கிடைத்ததைப் பார்த்து அந்தத் தாய்க்கு மனக்கசப்பு வருவது இயல்பு. நீங்கள் தனிச் சங்கம் வைத்தால் அந்தக் கசப்பு வளரும். அதே தாயோடு சேர்ந்து பீலிக்கரையைத் துப்புரவாக்கினால், மரண வீட்டில் சமைத்தால், அது குறையும். திட்டம் முடிந்ததும் தனிச் சங்கம் கலைந்துவிடும். ஊர்ச் சங்கம் இருக்கும்.

ஊர்ச் சங்கம் எப்போதும் நல்லபடி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரே குடும்பத்தார் பதவியில் இருப்பார்கள், கணக்குக் காட்டாமல் விடுவார்கள். அப்படியானால் கூட்டத்தில் எழுந்து மரியாதையாகக் கேளுங்கள். பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சங்கத்தின் பெயரைச் சொல்லி வாரக் கடன் தருகிறோம் என்று யாராவது வந்தால், வட்டியை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் பெரும்பாலும் ஞாயிறு பின்னேரம் நடக்கும். அந்த இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி கொண்டு வரும் தகவல் முழுக் குடும்பத்துக்கும் உதவும்.

இந்த வாரமே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் அல்லது பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் உங்கள் ஊர் மாதர் சங்கம் எது என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி விடுகைப் பத்திரம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் பிரதிகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து போங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதோடு, உங்களால் என்ன செய்ய முடியும் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.