சிலந்தியின் பசையும் வயலின் கணக்கும்

(மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் சிலந்தியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். வேளாண்மைச் செலவுக் கணக்குகளைப் பல்லாண்டுகள் பார்த்து வந்தவன் நான். விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் அவற்றில் இடமுண்டு, பூச்சிமருந்துக்கும் உண்டு. கூலியின்றிப் பூச்சி பிடிக்கும் சிலந்திக்கு மட்டும் ஒரு வரியும் கிடையாது. அதன் வேலை எத்தகையது என்று அறிந்த பின்னரே, நாம் விட்டுவிட்டது எவ்வளவு என்பது எனக்குப் புலப்பட்டது.

வட்ட வலையின் நடுவிலிருந்து ஆரங்களாக ஓடும் இழைகளில் பசை இல்லை. அவை வலையைத் தாங்குபவை. சுற்றிச் சுழன்று செல்லும் இழையே இரையைப் பிடிப்பது. சிலந்தி அதன்மேல் பசையைச் சீராகப் பூசிவிடுகிறது. பரப்பு இழுவிசையால் அப்பூச்சு தனித்தனித் துளிகளாகப் பிரிந்து, உருப்பெருக்கியில் பார்த்தால் மணிகள் கோத்த மாலைபோல் காட்சியளிக்கிறது.

ஒட்டும் தன்மையைத் தருவது துளிக்குள் இருக்கும், சர்க்கரைக் கூறுகள் இணைந்த ஒருவகைப் புரதம். அதைச் சூழ்ந்து நீரும், உப்புகள் முதலிய சிறு மூலக்கூறுகளும் உள்ளன. பூச்சி வேகமாக வந்து மோதும்போது பசை விரைந்து இழுபடுகிறது. அப்போது அது கெட்டிப்பட்டு எதிர்த்து நிற்கிறது. பிடிபட்ட பூச்சி மெல்லத் திமிறும்போதோ, அதே பசை ரப்பரைப் போல் நீண்டுகொடுத்து, விடாமல் பற்றிக்கொள்கிறது. அமெரிக்காவிலுள்ள ஆக்ரன் பல்கலைக்கழகத்தார் 2010-இல் இதனை அளந்து காட்டினர். துளிகள் பலவும் ஒருங்கே நீள்வதால் சுமையும் பங்கிடப்படுகிறது.

இதனினும் நுட்பமான செய்தி நீரைப் பற்றியது. ஈரச் சுவரில் ஒட்டுநாடா நில்லாது என்பதை நாமறிவோம். இரு பரப்புகளுக்கும் இடையே புகும் மெல்லிய நீர்ப்படலம் பசையை அணுகவிடாது தடுக்கிறது. சிலந்தியின் துளியோ ஈரக் காற்றிலும் ஒட்டுகிறது. அதிலுள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்த்துப் புரதத்தை இளக்கமாக வைத்திருப்பதோடு, ஒட்டும் பரப்பில் படியும் நீரையும் உறிஞ்சி அகற்றிவிடுகின்றன என அதே பல்கலைக்கழகத்தார் 2018-இல் கண்டனர். ஈரமான காயத்தில் ஒட்டக்கூடிய மருத்துவப் பசையைத் தேடுவோர் இதில் ஆர்வம் கொள்வது இயல்பே. பழைய வலையைச் சிலந்தி தின்று, அப்புரதத்தின் பெரும்பகுதியை மீண்டும் நூலாக்கிக்கொள்கிறது. தேய்மானத்தை இவ்வளவு சிக்கனமாக ஈடுசெய்யும் நிறுவனம் எதையும் நான் கண்டதில்லை.

நீர் நின்று காற்றில் ஈரம் மிகுந்த நெல்வயலை இப்போது எண்ணிப் பாருங்கள். நீண்ட தாடைச் சிலந்திகள் அங்கே பயிர்களுக்கிடையே வலை கட்டித் தத்துப்பூச்சிகளைப் பிடிக்கின்றன. வலை கட்டாத ஓநாய்ச் சிலந்தி பயிரின் அடியில் ஓடித் திரிந்து புகையானை வேட்டையாடுகிறது. பரவலாக நஞ்சு தெளிக்கும்போது இவையிரண்டும் மடிகின்றன. புகையானின் முட்டைகளோ இலையுறையின் உட்திசுவில் பத்திரமாக இருக்கின்றன. அவை பொரிக்கும்போது தின்பதற்கு எதிரி இல்லை. பூச்சி முன்னிலும் பெருகுகிறது. விவசாயி மீண்டும் மருந்து வாங்குகிறார்.

இந்தோனேசியா இதற்குக் கொடுத்த விலை பெரிது. அந்நாட்டு அரசு பூச்சிமருந்துக்குத் தாராளமாக மானியம் அளித்து வந்தது. இலவசமாகக் கிடைத்த சேவையை அழிப்பதற்கு அரசே பணம் கொடுத்தது என்று சொன்னால் அது மிகையன்று. புகையான் பெருக்கம் அரிசித் தன்னிறைவையே அசைக்கத் தொடங்கியபின், 1986-இல் நெல்லுக்கான 57 மருந்துகள் தடைசெய்யப்பட்டன. 1989-க்குள் மானியமும் விலக்கப்பட்டது.

நம் நாட்டில் ஒருங்கிணைந்த பயிர்ப்பாதுகாப்பு 1985-இல் அரசின் கொள்கையாயிற்று. ஐதராபாத்திலுள்ள தேசியப் பயிர்நல மேலாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதலில், இரண்டு தீமைப் பூச்சிகளுக்கு ஒரு பாதுகாவலர் என்ற விகிதம் பொதுவிதியாக உள்ளது. அந்த விகிதம் இருக்கும்வரை தெளிப்பு தேவையில்லை. நல்ல விதிதான், ஆனால் யாரேனும் வயலில் இறங்கி எண்ணினால்தானே அதற்குப் பொருள் உண்டு? மேசையிலிருந்து எழுதப்பட்ட பரிந்துரைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

உங்களில் சிலர் நாளை வட்டார அலுவலகங்களில் பணியேற்பீர்கள். தெளிப்புப் பரிந்துரையில் கையொப்பமிடுமுன், விடியற்காலையில் ஒருமுறை வயலுக்குச் செல்லுங்கள். பனி படிந்திருக்கும் அந்நேரத்தில் வலைகள் எளிதில் கண்ணுக்குத் தெரியும். பயிரின் அடிப்பாகத்தையும் விலக்கிப் பார்த்து, கண்ட எண்ணிக்கையைக் கோப்பிலேயே குறித்துவையுங்கள்.