வீடியோ ஓடவில்லையா? பதற வேண்டாம்
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



நம் பிள்ளைகள் என்பிடெல் பாடம் பார்க்கிறார்கள். பெரியவர்கள் சொந்தக்காரர் கல்யாணத்தை நேரலையில் பார்க்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் திரை கறுத்துவிட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் ஆனது. அவசரத்தில் பிரௌசரின் பாதுகாப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். கடைசியில் பார்த்தால், பழைய லேப்டாப்பில் தேதி தவறு! தேதி தவறினால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் தடுத்துவிடும்.

எனவே, இந்த வரிசையில் பாருங்கள்:

1. தேதி, நேரம் சரியா? பிரௌசரை அப்டேட் செய்தீர்களா?

2. குரோமில் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால், பெரும்பாலும் விளம்பரத் தடுப்பான் போன்ற எக்ஸ்டென்ஷனோ பழைய குக்கீயோதான் காரணம்.

3. நம்பிக்கையான தளம்தானா? முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தட்டி, அந்தத் தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட், ஒலி ஆகியவற்றுக்கு அனுமதி கொடுங்கள். எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிட வேண்டாம்.

"ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்தால் வீடியோ ஓடும்" என்று வந்தால் தொடாதீர்கள். அடோபி அதை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. இன்று அப்படிக் கேட்பது மோசடிதான். ஏமாந்து பணம் போனால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

நான் அணைத்த அமைப்புகளை மறுபடி போட ஒரு வாரம் மறந்துவிட்டேன். வீட்டுக் கதவை அப்படித் திறந்து போடுவோமா?