சிப்பில் மார்லி, கேசட்டில் அப்பாயி
(ஹேவாஹெட்டயில் நடந்த இளைஞர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம் பேசுவோம், சேமலாப நிதி பேசுவோம், காணி பேசுவோம். இன்று பாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் தோட்டத் தலைவர் ஒருவர், "சங்கத்துக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசி வரைக்கும் இருந்து கேட்டுவிட்டு, அப்போதும் அப்படித் தோன்றினால் திட்டுங்கள்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் அந்தி நேரத்தில் ஏழெட்டு இளையவர்கள் கூடுவது உங்கள் எல்லோருக்கும் தெரியும். "என்னமோ வெள்ளைக்காரப் பாட்டு, ஒரே தம் தம் தம்" என்று அம்மாமார் எங்களிடம் முறையிட்டிருக்கிறார்கள். அது வெள்ளைக்காரப் பாட்டு இல்லை அம்மா. கறுப்பு மக்களின் பாட்டு. அதன் பெயர் ரெகே. ஜமைக்கா என்ற சிறிய தீவில் பிறந்தது. ஊரில் ஓடுகிற திரீவீலர்களில் பாதிக்குப் பின்னால் சடைமுடியோடு சிரிக்கிறாரே ஒருவர், அவர் பெயர் பொப் மார்லி. அந்தத் தீவின் மலைக்கிராமம் ஒன்றில் 1945இல் பிறந்து, 36 வயதில் 1981இல் இறந்துபோனார்.

எங்கள் பிள்ளைகள் மார்லியோடு நின்றுவிடவில்லை. ஒரு தம்பிக்குப் பீட்டர் டொஷ்தான் எல்லாம்; மார்லியோடு சேர்ந்து பாடத் தொடங்கி, பிறகு தனியே போய் 1977இல் சம உரிமையையே இசைத்தட்டின் பெயராக வைத்தவர். இன்னொருவருக்குப் பேர்னிங் ஸ்பியர். தங்கை ஒருத்தி கிரெகரி ஐசக்ஸின் காதல் பாட்டுகளைத் தவிர வேறெதையும் காதில் வாங்கமாட்டாள். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தேடிப் பிடித்துக் கொடுப்பார். சிப்புக்குச் சிப்பு, போனுக்குப் போன். கிடைக்காத பாட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். இதே பிள்ளைகளில் ஒருவரை, சிவப்பு மஞ்சள் பச்சைத் தொப்பி போட்டிருந்தார் என்பதற்காகவே வழியில் நிறுத்திக் கஞ்சா இருக்கிறதா என்று பை முழுக்கக் கொட்டிப் பார்த்தார்கள். பையில் இருந்தது ஒரு ஸ்பீக்கரும் சாப்பாட்டுப் பெட்டியும்.

கஞ்சா என்ற சொல்லே ஜமைக்காவுக்கு நம் ஆட்களோடுதான் போனது. இதைக் கேட்டுவிட்டு யாரும் பற்றவைக்க வேண்டாம், சரித்திரத்துக்காகச் சொல்கிறோம். அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1838இல் அவர்கள் முழுமையாக விடுதலையானதும், குறைந்த கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. 1845இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. 1917 வரைக்கும் 36,000 பேரளவில் கொண்டுபோனார்கள். நம் முன்னோரைக் கங்காணிமார் மன்னார்க் கரையில் இறக்கிய அதே காலம், அதே வெள்ளைக்கார ராச்சியம். இங்கே கோப்பி, தேயிலை; அங்கே கரும்பு. பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டின் சொல் புரியாமலும் அது பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அந்தத் 'தம் தம்' நன்றாக இருக்கிறது, அதனால் பிடித்தது. ஆனால் விசாரித்துப் பார்த்தால் பக்கத்து லயத்துச் சொந்தம் மாதிரி இருக்கிறது.

அரிதான பாட்டைத் தேடும் பைத்தியமும் அங்கே ஆரம்பித்ததுதான். 1950களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளிடம் வீட்டில் பாட்டுப்பெட்டி இல்லை. பெரிய பெரிய ஸ்பீக்கர்களைத் தெருவில் அடுக்கி அமெரிக்க இசைத்தட்டுகளைப் போடுவார்கள். ஊரே கூடி ஆடும். எவரிடம் இல்லாத தட்டு தன்னிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கூட்டம். கொக்ஸன் டொட் என்பவர் அமெரிக்காவுக்குத் தோட்டக் கூலி வேலைக்குப் போனவர். திரும்பும்போது இசைத்தட்டுகளோடு வந்தார். போட்டிக்காரர் பாட்டின் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாதென்று தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபலைச் சுரண்டிவிடுவார். அப்படிச் சுரண்டி, தன் பெயரையே சூட்டி வைத்திருந்த ஒரு பாட்டை, டியூக் ரீட் என்ற போட்டிக்காரர் எப்படியோ தேடிக் கண்டுபிடித்து, ஒரு நாள் ஊர் கேட்கப் போட்டுவிட்டார். இந்தக் கதையை எங்கள் பிள்ளைகள் வாயால் கேட்க வேண்டும், வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அந்தக் கொக்ஸன்தான் 1963இல் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். மார்லியின் ஆரம்பகாலப் பாட்டுகள் பல அங்கே பதிவாகின.

இன்னொன்று. ரஸ்தாபாரி மக்கள் மேளம் அடித்தால் நகரத்துப் பெரிய மனிதர்கள் காதைப் பொத்திக்கொண்ட காலம். அப்போது பிரின்ஸ் பஸ்டர் என்பவர் கவுண்ட் ஒஸீ என்ற மேளக்காரரைக் குழுவோடு அழைத்துப்போய்ப் பாட்டுக்குப் பின்னால் அடிக்க வைத்தார். ஒதுக்கிவைத்த மேளம் வானொலிப் பாட்டுக்குள் ஏறியது. இங்கே தப்பு யார் அடிப்பது, எந்த லயத்துக்காரர் அடிப்பது, திருவிழாவில் அடித்தவருக்கு எந்த இடத்தில் நின்று சோறு போடுவது என்று நம் ஆட்கள் நடத்திய, இன்னும் நடத்துகிற கூத்தை இந்த மேடையில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பாட்டுக்குக் கூலி என்ன என்றும் கேட்க வேண்டும், இது தொழிற்சங்கம் அல்லவா? 1972இல் ஜிமி கிளிஃப் நடித்து ஜமைக்காவில் ஒரு படம் வந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த இளைஞன் பாட்டு எழுதிப் பாடுகிறான். முதலாளி கொடுப்பது 20 டொலர். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கிறது, அவன் கையில் ஒன்றுமில்லை. நிறுவையில் கழித்துக்கொண்டு மீதிக்குப் பெயர் போடுகிற கணக்கு நமக்குத் தெரியாததா? 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு உலகமெல்லாம் ஓடியது. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தப் பாட்டிலும் பெயர் யாருக்கு, பணம் எங்கே என்ற கேள்விகள் பிறகு வெளியே வந்தன.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

இங்கிருந்து அதிக தூரமில்லாத லூல்கந்துரயில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் உட்கார்ந்த கல்லாசனம் இன்றும் இருக்கிறது; வெளிநாட்டார் வந்து படம் பிடிக்கிறார்கள். அந்த 19 ஏக்கரை வெட்டி நட்டவர்கள் என்ன பாடிக்கொண்டு நட்டார்கள்? மீனாட்சியம்மாள் நடேசய்யர் கூட்டங்களில் பாடியே நம் மக்களைத் திரட்டியவர். வரிகள் அச்சில் இருக்கின்றன. குரல் நம்மிடம் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டுத் திரட்டியதால் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று ஒரு புத்தகமாவது கையில் இருக்கிறது. ஆனால் எந்தச் சொல்லை இழுத்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள் என்பதைப் புத்தகத்தில் எப்படிப் போடுவது?

மேல் லயத்து அப்பாயி ஒருவர் காமன் கூத்துப் பாட்டை விடிய விடியப் பாடக்கூடியவர். அடுத்த போயாவுக்குப் பதிவு செய்யலாம், அடுத்த போயாவுக்குச் செய்யலாம் என்று நாங்கள் மூன்று போயா கடத்தினோம். நான்காவது போயாவுக்கு அவர் இல்லை. இது எங்கள் பிழை.

சென்ற மாதம் ரெகே தம்பிகளில் ஒருவர் ஒரு கேசட்டோடு வந்தார். மேலே போல்பொயின்ட் பேனாவால் 'பொப் மார்லி' என்று எழுதியிருந்தது. அப்பாவின் தகரப் பெட்டியில் கிடந்ததாம். வேறெங்கும் கிடைக்காத பதிவாக இருக்கும் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். போட்டுக் கேட்க ஒரு வீட்டிலும் பெட்டி இல்லை. கண்டியில் பழைய ரேடியோ திருத்தும் ஒரு பாஸிடம் கொண்டுபோனோம். நாடாவில் பூஞ்சணம். பாஸ் அதை உடனே ஓடவிடவில்லை. நாடாவைத் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றி, பென்சிலால் மெதுவாகச் சுற்றி, பிறகுதான் போட்டார். மார்லி வந்தார். கேட்டுச் சலித்த பாட்டுத்தான். தம்பியின் முகம் விழுந்துபோனது. பாட்டின் நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல், "ஏய் ராசா, நல்லா இருக்கியா, நேரத்துக்குச் சாப்புடுறியா" என்று.

தம்பியின் அப்பா 80களில் மத்திய கிழக்கில் வேலை செய்தவர். கடிதம் எழுதத் தெரியாத தாய், பக்கத்து வீட்டுப் பெட்டியில் பேசிப் பதிந்து அனுப்பிய கேசட் அது. நலம் விசாரிக்கிறார், ஆடு குட்டி போட்டதைச் சொல்கிறார், பிறகு பாடுகிறார். கொழுந்துப் பாட்டு, பேரப்பிள்ளைக்குத் தாலாட்டு, கடைசியில் செத்துப்போன தன் அண்ணனுக்கு ஒப்பாரி. ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு கூட்டாளியிடமிருந்த மார்லியை அதற்கு மேலேயே பதிந்திருக்கிறார் அப்பா. மிச்சம் 11 நிமிடம்.

அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். சொல்லலாமா என்று கேட்டோம், தலையசைத்தார். அன்று எங்களிடம் அவர் சொன்னது: "அப்ப புதுக் கேசட் வாங்கக் காசு இல்ல. அம்மா உசிரோட இருந்தாங்க, பாட்டு எங்க போகப்போகுதுன்னு நெனச்சேன்."

ஆகவே இளைஞர் பிரிவு ஒரு வேலையைக் கையில் எடுக்கிறது. அரிய பதிவு தேட இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதில் இவர்கள் தேறியவர்கள். வரும் ஞாயிறு முதல் இருவர் இருவராக ஒவ்வொரு லயத்துக்கும் வருவார்கள். பாடுகிறவர் முதலில் தன் பெயர், தோட்டம், யாரிடம் பாட்டைக் கற்றார் என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு லேபலையும் சுரண்டப்போவதில்லை. அவர் சம்மதம் இல்லாமல் ஒரு பாட்டும் வெளியே போகாது. பதிவு மூன்று இடத்தில் இருக்கும்: பாடியவர் வீட்டில் ஒரு சிப், சங்கக் காரியாலயத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. பழைய கேசட் இருந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள், போட்டும் பார்க்காதீர்கள், அப்படியே தாருங்கள். மழை பெய்தால் வரமாட்டார்கள், தகரத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அம்மாமாரே, வெட்கப்பட்டு "எனக்கென்ன தெரியும்" என்று அனுப்பிவிடாதீர்கள். ஒரு ப்ளேன்டீ கொடுத்து உட்காரவையுங்கள்.

இப்போது தம்பி ஸ்பீக்கரைப் போடுகிறார். முதலில் மார்லி வருவார், நிறுத்தச் சொல்லாதீர்கள். 'டக்' என்ற சத்தம் வரைக்கும் கொஞ்சம் பொறுங்கள்.