கணக்குத் துறையில் இளைஞர்க்குரிய வாய்ப்புகள்

கணக்கு எழுதும் கலை ஆட்சியும் வாணிபமும் தோன்றிய காலந்தொட்டே இருந்து வருவதாகும். ஆண்டு முடிவில், ஆஷாட மாதத்தில், அதிகாரிகள் தம் கணக்குகளை முத்திரையிட்டுத் தலைமை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று அந்நூல் வகைப்படுத்தியும் காட்டுகிறது. பொதுப் பணம் உள்ள இடத்தில் கணக்கரும், கணக்கர் உள்ள இடத்தில் தணிக்கையாளரும் தேவை என்பதை இந்நாடு நெடுங்காலமாகவே அறிந்திருந்தது.

எனினும், இத்துறையைப் பற்றி மாணவரிடையே ஒரு குறுகிய கருத்து நிலவுகிறது. வணிகவியல் படித்தால் ஆடிட்டர் ஆகலாம். அது கைகூடாவிட்டால் ஏதேனும் ஒரு கடையில் பேரேடு எழுதலாம் என்பதே அக்கருத்து. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பல படிகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இதனால் இருவகை இழப்பு ஏற்படுகிறது. ஆற்றல் மிக்க இளைஞர் பலர் ஒரே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். மறுபுறம், ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சிறு தொழில்களும் முறையாகக் கணக்கு வைக்கத் தெரிந்தவர் இன்றி இடர்ப்படுகின்றன. ஆகவே, இத்துறையில் உள்ள பாதைகள் யாவை, அவை எங்கே இட்டுச் செல்கின்றன என்பதைத் தெளிவாக அறிவது இன்றியமையாததாகும்.

பட்டயக் கணக்கர் கல்வி

1913-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் கம்பெனிகளின் கணக்குகளுக்கும் தணிக்கைக்கும் விதிகளை வகுத்தது. 1918-இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் தொடங்கப்பட்டது. 1932-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி பதிவு பெற்ற கணக்கர் என்னும் தகுதி ஏற்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அத்தகுதியைப் பெற்ற சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார், இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர் என்னும் பெருமைக்கு உரியவரானார். விடுதலைக்குப் பின் நிறைவேறிய பட்டயக் கணக்கர் சட்டத்தின்படி, 1949 ஜூலை 1 அன்று இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் உருப்பெற்றது. தொடக்கத்தில் ஏறத்தாழ 1,700 உறுப்பினர்களே இருந்தனர். இன்று அந்த எண்ணிக்கை 4 லட்சத்தைக் கடந்துவிட்டது.

அடிப்படைத் தேர்வு, இடைநிலைத் தேர்வு, இறுதித் தேர்வு என இக்கல்வி மூன்று கட்டங்களைக் கொண்டது. மேல்நிலைக் கல்வி முடித்தவர் முதற்கட்டத்தில் சேரலாம். குறிப்பிட்ட மதிப்பெண் பெற்ற பட்டதாரிகள் நேரடியாக இடைநிலையில் சேரலாம். மூன்றாண்டாக இருந்த செயல்முறைப் பயிற்சிக் காலம், 2023-இல் அறிவிக்கப்பட்ட புதிய திட்டத்தின்படி இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. ஒரு காலத்தில் இப்பயிற்சி பெற விரும்புவோர் பயிற்சியளிப்பவருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது; இப்போது பயிற்சி பெறுவோர்க்கு மாத உதவித்தொகை கிடைக்கிறது. இதனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வர வழி ஏற்பட்டது.

இத்தேர்வைப் பற்றி மாணவர் அறிய வேண்டிய உண்மைகள் இரண்டு. முதலாவது, இது இடங்களுக்கான போட்டித் தேர்வன்று. ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும் தொகுதியில் மொத்தமாக 50 விழுக்காடும் பெறும் எவரும் தேர்ச்சி அடைவர். ஒருவரது வெற்றி மற்றொருவரது இடத்தைப் பறிப்பதில்லை. இரண்டாவது, இதைப் பலமுறை எழுத இயலும் என்பதாலேயே, எப்போது நிறுத்துவது என்ற முடிவு மாணவரிடம் விடப்படுகிறது. ஒரு தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்தது என்பதற்காக அடுத்த முறை, அதற்கடுத்த முறை என்று காலம் நீளும்போது, வேறு பணிகளுக்குரிய வயது வரம்பு கடந்துவிடுகிறது. ஆகையால், சேரும்போதே இத்தனை ஆண்டு என்று ஒரு வரையறை செய்துகொள்வதும், கூடவே ஒரு பட்டப்படிப்பை முடித்து வைப்பதும் நலம். இடைநிலையில் தேறிப் பயிற்சியும் முடித்தவர் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. வரிக் கணக்கு, தணிக்கைத் தாள்கள், கம்பெனிப் பதிவேடுகள் ஆகியவற்றைக் கையாளும் திறன் அவரிடம் இருக்கிறது. அதற்கு வேலையும் இருக்கிறது. இதைத் தோல்வி என்று கருதும் மனப்பான்மையைப் பெற்றோரும் ஆசிரியரும் மாற்ற வேண்டும்.

அடக்கவிலைக் கணக்கரும் கம்பெனிச் செயலாளரும்

நிதிக் கணக்கு, ஆண்டு முடிவில் லாபம் வந்ததா நட்டம் வந்ததா என்று சொல்லும். நட்டம் எந்தப் பொருளில், எந்த இயந்திரத்தில், எந்தக் கட்டத்தில் ஏற்பட்டது என்று சொல்வது அடக்கவிலைக் கணக்கு. ஒரு நூற்பாலையை எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு பஞ்சு கழிவாகிறது, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, இயந்திரம் நின்ற நேரம் எவ்வளவு என்பவற்றைக் கணித்து, விலையை நிர்ணயிக்கவும் வீண் செலவைத் தடுக்கவும் இக்கணக்கரே வழிகாட்டுகிறார்.

இத்துறைக்கான நிறுவனம் 1944-இல் தொடங்கப்பட்டு, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சட்டபூர்வ நிலை பெற்றது.  குறிப்பிட்ட தொழில்கள் அடக்கவிலைப் பதிவேடுகள் வைக்க வேண்டும் என்ற விதி 1965-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. தொழிற்சாலைச் சூழலில் ஆர்வமுள்ள மாணவர்க்கு இது மிகவும் ஏற்ற பாதை. சட்டத்திலும் நிர்வாகத்திலும் நாட்டமுடையோர், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கம்பெனிச் செயலாளர் கல்வியை நாடலாம்.

அரசுப் பணியில் கணக்கும் தணிக்கையும்

அரசுப் பணியில் இத்துறைக்குள்ள இடத்தை மாணவர் பலர் அறியார். அரசியல் சட்டத்தின் 148-ஆவது பிரிவு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியை ஏற்படுத்தியிருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், அரசியல் சட்டத்தின்கீழ் அமையும் பதவிகளுள் இதுவே மிக முக்கியமானதாக இருக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். இவரது மத்திய அரசு பற்றிய அறிக்கைகள் குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றன. பொதுக் கணக்குக் குழு அவற்றை ஆராய்கிறது.

குடிமைப் பணித் தேர்வு எழுதி இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணியில் சேருவோர் சிம்லாவில் உள்ள தேசியக் கழகத்தில் பயிற்சி பெறுகின்றனர். 1976-இல் மத்திய அரசின் கணக்குப் பொறுப்பு தணிக்கையினின்று பிரிக்கப்பட்டு அமைச்சகங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் விளைவாக இந்தியக் குடிமைக் கணக்குப் பணி தோன்றியது. பாதுகாப்புத் துறைக்கும் தனிக் கணக்குப் பணி உண்டு. இவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும். வணிகவியல்தான் வேண்டும் என்பதில்லை.

பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் மூலம் தணிக்கையர், கணக்கர் பணிகளில் சேருவோர்க்கும் உயரும் வழி அடைபட்டதன்று. சார்நிலைப் பணித் தேர்வு என வழங்கும் துறைத் தேர்வு கடினமானது. எனினும், அதில் தேறியவர் உதவித் தணிக்கை அதிகாரியாகவும் பின்னர்த் தணிக்கை அதிகாரியாகவும் உயர்கின்றனர். பல மாநிலங்களின் பொதுப்பணித் துறையில் உள்ள கோட்டக் கணக்கர் பதவியும் குறிப்பிடத்தக்கது. பாலமும் அணையும் கட்டும் ஒப்பந்ததாரரின் பட்டியலைப் பணம் தருவதற்கு முன்னரே அளவைப் புத்தகத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் அவர். பிற்காலத்துத் தணிக்கை கண்டுபிடிக்கும் குறையை அவர் முன்கூட்டியே தடுத்துவிட முடியும்.

ஆள் தேவைப்படும் இடங்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தக சோழன் காலத்தில், பொறிக்கப்பட்ட கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்று விலக்குகிறது. அதே கருத்து இன்று வேறு உருவில் வந்துள்ளது. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளைப் பொதுமக்கள் காணும் வண்ணம் வெளியிடுவதை, உள்ளாட்சி அமைப்புகள் மானியம் பெறுவதற்குரிய நிபந்தனையாகப் பதினைந்தாவது நிதிக் குழு பரிந்துரைத்தது. நாட்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகள் உள்ளன. கணக்கு எழுதத் தெரிந்தவர் இல்லாத ஊராட்சிக்கு மானியம் தாமதமானால், குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் தாமதமாகும்.

கூட்டுறவுத் துறையிலும் இதே நிலைதான். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. கணினி வாங்குவது எளிது. உழவரின் கடன், வட்டி, தவணை ஆகியவற்றைப் பிழையின்றிப் பதியும் கையும், அதை உறுப்பினர்க்கு விளக்கும் நாவும் உடையவரைப் பெறுவதே அரிது.

இயந்திரமும் கணக்கரும்

கணினி வந்தபின் கணக்கர்க்கு வேலை இராது என்று அஞ்சுவோர் உண்டு. 1986-இல் தொடங்கப்பட்ட இந்திய நிறுவனமொன்றின் டேலி மென்பொருள் இன்று சிறு கடைகளிலும் இயங்குகிறது. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, விற்றவர் பட்டியலையும் வாங்கியவர் பட்டியலையும் கணினியிலேயே ஒப்பிடுகிறது. கூட்டலும் பதிவும் மட்டுமே தெரிந்தவர்க்கு இடம் குறைந்து வருவது உண்மைதான். ஆனால், இரு பட்டியல்களும் பொருந்தாதபோது காரணம் கண்டறிபவர்க்கும், எண்கள் கூறும் செய்தியை முதலாளிக்கோ ஆட்சியாளர்க்கோ எடுத்துரைப்பவர்க்கும் தேவை பெருகுகிறது. எனவே, மென்பொருளைக் கற்பதற்கு முன் பற்று, வரவு என்பவற்றின் தத்துவத்தைக் கற்றல் வேண்டும்.

கையொப்பத்தின் மதிப்பு

2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர், கணக்கில் காட்டிய ரூ. 5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் ரூ. 5,040 கோடி இல்லாத பணம் என்று தாமே எழுதி வெளிப்படுத்தினார். தணிக்கை பெற்ற கணக்குகள் அவை. வங்கி இருப்பை வங்கியிடமே நேரில் கேட்டுச் சரிபார்ப்பது தணிக்கையின் முதற்பாடங்களில் ஒன்று. அந்த எளிய விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்படாதபோது எத்தனை முதலீட்டாளரும் ஊழியரும் துன்புறுவர் என்பதை நாடு கண்டது. பின்னர், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018-இல் அமைக்கப்பட்டது. பட்டயக் கணக்கர் கையொப்பமிடும் ஆவணங்களுக்குத் தனி அடையாள எண் தரும் முறையும் 2019 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

விதிகள் எத்தனை வந்தாலும், இறுதியில் ஒரு மனிதர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதிலேயே கணக்கின் உண்மை நிற்கிறது. முதலாளியின் பணத்தில் ஊதியம் பெற்றும் முதலாளிக்குப் பிடிக்காததை எழுதும் துணிவு இத்தொழிலுக்கு வேண்டும். அத்துணிவு உள்ள இளைஞர்க்குத் தலைநகரத்துக் கம்பெனியில் மட்டுமன்றி, ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பயனுள்ள வாழ்வு காத்திருக்கிறது. அத்தகைய இளைஞரைத் தேடிப் பிடித்து, முறையான பயிற்சியும் தகுந்த ஊதியமும் அளித்து அமர்த்துவது அதிகாரிகளின் கடமை. தம் இயல்புக்கேற்ற பாதையைக் காலத்தே தேர்ந்துகொள்வது மாணவரின் கடமை.