ஒரு புள்ளி



மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நாம் ஞாயிறு மாலைகளில் கடற்கரைக்குச் சென்று, காற்று வாங்கித் திரும்புகிறோம். பிள்ளை நீச்சல் பழக வேண்டுமென்றால், "பரீட்சை முடியட்டும்" என்கிறோம். இம்மும்பைக் கடலையே பயிற்சிக் களமாகக் கொண்ட தமிழ் இளைஞர் ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

அவர் விஷ்ணு சரவணன். 1999இல் வேலூரில் பிறந்தவர். வேலூரார் கடலோடியான கதை வியப்பன்றோ? பாலாற்றிலேயே நீர் காண்பது அரிது! தந்தையார் பாய்மரப் படகு செலுத்திய இராணுவ வீரர். மைந்தரும் இராணுவத்திற் சேர்ந்து, இங்குள்ள இராணுவப் படகுப் பயிற்சி மையத்தில் பயின்றார்.

அவர் செலுத்துவது நான்கு மீட்டரினும் சற்றே நீண்ட சிறு படகு. ஒரே ஆள், ஒரே பாய், இயந்திரம் கிடையாது. காற்றை எதிர்த்து நேரே செல்லல் இயலாது. வலமும் இடமுமாக வளைந்தே முன்னேறல் வேண்டும். படகு சாயுங்கால், பாதங்களை ஒரு பட்டையில் மாட்டி, உடலை நீரின்மேல் வெளியே சாய்த்து அதனை நிமிர்த்த வேண்டும்.

கணக்கோ நம் பிள்ளைகளின் பரீட்சைக்கு நேர்மாறானது. முதல்வருக்கு ஒரு புள்ளி, இரண்டாமவருக்கு இரண்டு. பல பந்தயங்களையும் கூட்டி, குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். மிகவும் பின்தங்கிய பந்தயம் ஒன்றைக் கழித்துவிடுவர். அடுத்த சறுக்கலுக்கு மன்னிப்பில்லை.

2023 செப்டம்பரில், சீனத்து நிங்போ கடலில் ஆசிய விளையாட்டுப் பந்தயங்கள். முடிவில் சிங்கப்பூர் வீரருக்கு 26 புள்ளிகள், கொரிய வீரருக்கு 33, நம்மவருக்கு 34. ஒரே புள்ளியில் வெள்ளி போயிற்று! பல நாட்கள் உப்புநீரில் உழைத்தவர் அந்த ஒன்றை எத்துணை முறை எண்ணிப் பார்த்திருப்பார்!

எனினும் வெண்கலத்தினும் வேறொன்றையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 35 பேரில் இருபதாம் இடம்; 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 43 பேரில் பதினெட்டாம் இடம். பதக்கமில்லாத இவ்வேற்றத்தைப் பாராட்டுவார் யார்? டோக்கியோவில் இந்தியாவிற்காகப் பாய் விரித்த நால்வருமே தமிழகத்தார் என்பதும் நம்மிற் பலர் அறியாதது. கணபதி, வருண் தக்கர் இருவரும் ஒரே படகில் சென்றனர். நேத்ரா குமணன், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்மணி. டோக்கியோவில் 35ஆம் இடத்தில் நின்றவர், பாரிஸில் 21ஆம் இடத்திற்கு முன்னேறினார்.

அடுத்த முறை கேட்வே பக்கம் செல்லுங்கால், வெண்பாய் ஒன்று வளைந்து வளைந்து செல்லக் கண்டால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஏன் நேரே போகவில்லை என்று கேட்பார்கள்.