ஊதா நிறம் நில்லாத உயிர்கள்

விருத்தாசலம் என்றதும் பெரியோர்க்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். பயணம் செய்வோர்க்கு இரயில் சந்திப்பு நினைவுக்கு வரும். அவ்வூரில் வளர்ந்த எனக்கோ சூளைகளும் வெண்களிமண்ணுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. பீங்கான் பொம்மைகளும், மின்சார வேலைக்கு வேண்டிய பீங்கான் உறுப்புகளும் செய்யும் ஊர் அது. பள்ளி விட்டதும் தொழிற்கூடங்களின் வாயிலில் நின்று வேடிக்கை பார்ப்பது எங்கள் வழக்கம்.

ஒருநாள் முதிய தொழிலாளி ஒருவர், ஒருமுறை மட்டும் சுட்ட, மெருகு பூசாத கிண்ணம் ஒன்றில் நீர் ஊற்றிக் காட்டினார். சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் ஈரமாயிற்று. மெருகு பூசி மீண்டும் சுட்ட கிண்ணத்திலோ ஒரு துளியும் கசியவில்லை. "மண் ஒன்றுதான் தம்பி, மேலே இருக்கிற பூச்சுதான் வேறே" என்றார் அவர். அச்சொல்லின் முழுப் பொருள், பிற்காலத்தில் நுண்ணுயிரியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

அதற்கு முன்னரே நுண்ணுயிர் ஒன்று என்னைத் தேடி வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது எனக்கு டைபாய்டு சுரம் கண்டது. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைச் சில நாள் உட்கொண்டதும் சுரம் தணிந்தது. கசப்புக்கு அஞ்சிய நான், மீதி மாத்திரைகளைப் பாட்டியார் அறியாமல் அலமாரியிலிருந்த பீங்கான் பொம்மையின் வயிற்றுக்குள் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சுரம் மீண்டும் வந்தது. முன்னினும் கடுமையாக வந்தது. அவ்வாண்டு இறுதித் தேர்வை நான் எழுதவில்லை. பொம்மையைத் துடைக்க எடுத்தபோது மாத்திரைகள் கலகலவென்று ஒலிக்கக் கேட்ட பாட்டியார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

டைபாய்டுக் கிருமி, கிராம் எதிர் பாக்டீரியா என்னும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. அப்பெயர் எவ்வாறு வந்தது?

1884-ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டில் ராபர்ட் காக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்தார். ஜெர்மனியில் காஃப்கி என்பவர் டைபாய்டுக் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். பாரிஸில் பாஸ்டரின் துணைவரான சாம்பர்லாண்டு, மெருகு பூசாத பீங்கான் குழாய் வழியே நீரைச் செலுத்தினால் பாக்டீரியாக்கள் தங்கிவிடும் என்று காட்டினார். எங்கள் ஊர்த் தொழிலாளியின் கிண்ணத்தில் கசிந்த நீருக்கும் இவ்வடிகட்டிக்கும் தத்துவம் ஒன்றே அன்றோ? அதே ஆண்டில்தான் பெர்லினில் பணிபுரிந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவர் தம் சாய முறையை வெளியிட்டார்.

அம்முறை எளியது. கண்ணாடித் தகட்டில் கிருமிகளை மெல்லப் பரப்பிக் காயவைத்து, ஊதாச் சாயம் ஊற்ற வேண்டும். பின்னர் அயோடின் கரைசல். அதன்பின் சாராயத்தால் கழுவ வேண்டும். சில வகைகள் ஊதா நிறத்தை விடாது பற்றிக்கொள்ளும். அவை கிராம் நேர் வகை. சில நிறமிழந்துவிடும்; அவை கிராம் எதிர் வகை. நிறமிழந்தவற்றைக் காண இறுதியில் சிவப்புச் சாயம் ஊட்டுவர். தம் முறை குறையுடையது என்றே கிராம் அடக்கத்தோடு எழுதினார். குறை என்று அவர் எண்ணியதே பிற்காலத்தில் பெரும் பாகுபாட்டுக்கு வழியாயிற்று.

கல்லூரியில் நான் முதன்முதல் இச்சோதனையைச் செய்தபோது எல்லாக் கிருமிகளும் சிவப்பாகவே தோன்றின. பெரிய உண்மையைக் கண்டுவிட்டதாக ஆசிரியரிடம் ஓடினேன். "எவ்வளவு நேரம் சாராயத்தில் கழுவினாய்?" என்று அவர் கேட்டார். நான் தலைகுனிந்தேன். அளவுக்கு மிஞ்சிக் கழுவினால் ஊதா நிற்கவேண்டியவற்றிலும் நில்லாது. அதனால்தான் வகை தெரிந்த கிருமிகளை உடன் வைத்துச் சோதிப்பது ஆய்வுக்கூட நெறியாகும்.

நிறம் ஏன் மாறுகிறது? கிராம் நேர் வகைக்குத் தடித்த சுவர் உண்டு; சாயமும் அயோடினும் சேர்ந்த பொருள் அதற்குள் சிக்கிக்கொள்ளும். கிராம் எதிர் வகையின் சுவரோ மெல்லியது. ஆனால் அதற்கு வெளியே கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு புறச்சவ்வு உண்டு. சாராயம் அச்சவ்வைக் கரைத்துவிட, சாயம் வெளியேறிவிடுகிறது. உடலுக்குள்ளோ அச்சவ்வு கிருமிக்குக் கவசம். பல மருந்துகளை உள்ளே விடாது. மெருகு பூசிய கிண்ணம் இப்போது நினைவுக்கு வருகிறதா?

இக்கூட்டத்தார் அனைவரும் பகைவர் என்று எண்ணிவிடாதீர்கள். நம் குடலில் வாழும் எஷரிச்சியா கோலி பெரும்பாலும் தீங்கற்றது. அதன் சில இனங்களே நோய் தருவன. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள வயல்களில் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம். அம்முடிச்சுகளில் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருவதும் கிராம் எதிர் பாக்டீரியாவே. நெல்லுக்கு இலைக்கருகல் நோய் தருவதும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. உருவத்திலும் கோல், உருண்டை, காற்புள்ளி, திருகு எனப் பல வகை. மரபுப் பொருளின் எழுத்துகளைப் படித்துப் பார்க்கும் இக்கால ஆராய்ச்சியாளர், இவை ஒரே குடும்பம் அல்ல, பல குலங்கள் என்று கண்டுள்ளனர்.

ஆகவே சாயம் முதற்படி மட்டுமே. அடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு உதவும் அகார் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. நம் மன்னார் வளைகுடாவிலும் அப்பாசி உண்டு. மக்கான்கி வகுத்த வளர்ப்புத் தளத்தில் பித்த உப்பும், பாற்சர்க்கரையும், நிறங்காட்டும் சாயமும் இருக்கும். பித்த உப்பு கிராம் நேர் வகைகளைத் தடுக்கும். எஷரிச்சியா கோலி பாற்சர்க்கரையைப் புளிக்கவைத்து இளஞ்சிவப்பாக வளரும். டைபாய்டுக் கிருமி நிறமற்று வளரும். நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டும் இங்கே பிரிந்துவிடுகின்றன.

அதன்பின் ஊநீர்ச் சோதனை. 1992 அக்டோபரில் சென்னையில் வாந்திபேதி பரவிற்று. நோயாளிகளிடம் கிடைத்த கிருமி, வாந்திபேதிக் கிருமிபோலவே இருந்தது. ஆயினும், கொள்ளைநோய் தருவது என்று அதுவரை அறியப்பட்டிருந்த ஓ-1 வகைக்குரிய ஊநீரோடு அது திரளவில்லை. 'திரளவில்லையே, இது பொருட்டல்ல' என்று ஒதுக்கியிருந்தால் உண்மை மறைந்திருக்கும். ஆய்ந்தபோது அது ஓ-139 என்னும் புதிய வகை எனத் தெரிந்தது. புறச்சவ்வின் மேலுள்ள சர்க்கரைத் தொடர் மாறியிருந்தது. பழைய வகைக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது தாக்கிற்று. அடுத்த ஆண்டுக்குள் வங்காளம் முழுதும் பரவிற்று.

இனி மருந்தின் கதை. பெனிசிலின் பல கிராம் எதிர் கிருமிகளை அடக்கவில்லை என்பதை ஃபிளெமிங்கே 1929-இல் எழுதினார். 1948-இல் குளோராம்பெனிகால் டைபாய்டை அடக்கிற்று. 1972-இல் கோழிக்கோட்டில் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டுக் கிருமி காணப்பட்டது. எதிர்க்கும் ஆற்றலுக்குரிய மரபணுவை ஒரு கிருமி மற்றொன்றுக்கு, வேற்றினத்துக்குங்கூட, வழங்கிவிடும். 2010-இல், கடைசிப் புகலிடமாகக் கருதப்பட்ட மருந்துகளையும் எதிர்க்கும் கிருமிகள் சென்னையிலும் அரியானாவிலும் கிடைத்ததாக ஆய்வறிக்கை வெளிவந்தது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, எதிருயிரி மருந்துகளை முறையோடு வழங்கவேண்டும் எனச் சென்னைப் பிரகடனம் செய்தன.

மாணவ நேயர்களே, அப்பிரகடனத்தில் நமக்கும் பங்கு உண்டு. மருத்துவர் சொல்லாமல் இம்மருந்துகளை வாங்காதீர்கள். அவர் சொன்ன அளவையும் நாளையும் நீங்களாகவே குறைக்காதீர்கள். குடிநீரைக் காய்ச்சிப் பருகுங்கள். கையைக் கழுவி உண்ணுங்கள். வாராத நோய்க்கு மருந்து வேண்டுவதில்லை.

அந்தப் பீங்கான் பொம்மை இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அதன் வயிறு இப்போது காலியாக இருக்கிறது. எடுத்துக் குலுக்கிப் பார்ப்பேன், ஓசை எழாது. அதுவே எனக்கு நிம்மதி.