குளிர் எங்கே போயிற்று?

சென்ற ஆண்டு கத்திரி வெயில் காலம். அறுவை மருத்துவம் முடிந்த என் துணைவியாரைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூருக்குக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். பாடாலூரைத் தாண்டியதும் காரின் குளிர்சாதனம் வெப்பக் காற்றை வீசத் தொடங்கிற்று. கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் உலை. சிறிது தொலைவு செல்வதற்குள் அம்மையார் மயங்கிச் சாய்ந்துவிட்டார். சிறுவாச்சூரில் மரநிழலில் வண்டியை நிறுத்தி, நீர் தெளித்துத் தேற்றி, வெயில் தாழ்ந்த பிறகே வீடு வந்து சேர்ந்தோம்.

மூன்று வாரங்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில், ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று சொல்லிப் புதிதாக நிரப்பித் தந்திருந்தார்கள். நான் பணத்தைக் கொடுத்தேன், ‘ஏன் தீர்ந்தது?’ என்று கேட்கவில்லை. வகுப்பறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் ‘ஏன்?’ என்று கேட்கக் கற்பித்தவன் செய்த பிழை இது.

மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஏன்? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. காரிலும் அதே விதிதான். அங்கே நீருக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஆர்-134ஏ என்னும் வாயு பயன்படுகிறது. இதன் கொதிநிலை சுழிக்குக் கீழே 26 பாகை செல்சியஸ். எஞ்சின் விசையால் சுழலும் கம்ப்ரசர் இதனை அமுக்குகிறது. கார் முகப்பிலுள்ள கண்டென்சரில் இது வெப்பத்தை வெளியே விட்டு நீர்மமாகிறது. பின்பு நுண்ணிய வாயில் ஒன்றைக் கடந்து, அழுத்தம் குறைந்து, உட்புறச் சுருளில் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது; மீண்டும் கம்ப்ரசரை அடைகிறது.

ஆகவே, இது பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. சுற்றிச் சுற்றி வருவது. பல ஆண்டுகளில் சிறிதளவு குறைவது இயல்பே. மூன்று வாரங்களில் தீர்ந்ததென்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள்.

மறுநாள், பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். கருவியை எடுக்குமுன் அவர் கேள்விகளை எடுத்தார். ‘ஐயா, காற்றே வரவில்லையா? வந்தும் குளிரவில்லையா?’ என்றார். காற்றே வராவிட்டால், உள் விசிறி, ஃப்யூஸ், தூசு அடைத்த வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சுடுகிறதா?’ என்பது அடுத்த கேள்வி. அவ்வாறாயின், கண்டென்சர் விசிறி பழுதாகியிருக்கலாம். அல்லது கண்டென்சரில் தூசு அடைந்திருக்கலாம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் இது எளிதில் நேரக்கூடியதே.

பின்னர்க் குளிர்சாதனத்தை இயக்கிக் காது கொடுத்தார். கம்ப்ரசர் இணையும் ‘டக்’ என்ற ஓசை எழவில்லை. ஃப்யூஸும் கம்பிகளும் நன்றாகவே இருந்தன. அழுத்தத்தை அளந்தார், மிகக் குறைவு. வாயு குறைந்தால் கம்ப்ரசர் கெடாதபடி அதனை ஓடவிடாமல் தடுக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது தன் கடமையைச் செய்திருந்தது!

குழாய்களைத் துருவிப் பார்த்தபோது, ஓர் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தது. வாயுவோடு எண்ணெயும் சுழல்வதால், கசிவு தன் தடத்தை விட்டுச் செல்லும். நைட்ரஜனைச் செலுத்திச் சோப்பு நுரையைத் தடவினார், குமிழிகள் பொங்கின. குற்றவாளி, சில ரூபாயே பெறும் ரப்பர் வளையம்! அதனை மாற்றி, உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பினால் அகற்றி, வாயுவை நிறுத்து அளந்து நிரப்பினார்.

இழப்பு என் பணம் மட்டுமன்று. ஆர்-134ஏ ஓசோன் படலத்தை அழிப்பதில்லை. ஆயினும், நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 1,400 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. 2021இல் இந்தியாவும் அதனை உறுதி செய்தது. ஓட்டையை அடைக்காமல் வாயுவை நிரப்பிய நான், உள்ளே குளிரைத் தேடி வெளியே வெப்பத்தைப் பெருக்கியவன் ஆனேன்.

ஓர் எச்சரிக்கை: குழாய்களை நீங்களாகக் கழற்றாதீர்கள். பீறிடும் நீர்மம் தோலையும் கண்ணையும் உறையச் செய்யும். அது பயிற்சி பெற்றவர் பணி. ஆனால் ‘ஏன்?’ என்று கேட்பது எல்லோருடைய பணியுமாகும். அந்த ஒரு சொல்லை நான் மூன்று வாரம் முன்பே கேட்டிருந்தால், சிறுவாச்சூர் மரநிழலில் அன்று அப்படித் தவித்திருக்க வேண்டியதில்லை.